ஆடிக் காற்றில் ஏற்காடு, மேட்டூர் மீன், சித்தப்பாவின் தறி

உடுமலையில் இருந்து கிளம்பி சேலம், ஏற்காடு, மேட்டூர் என்று மூன்று நாள் சுற்றிவிட்டு நேற்று இரவுதான் வீடு வந்தேன். எந்த பஸ், எந்த லாட்ஜ், எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சங்ககிரி பக்கம் பார்த்த அந்தக் காற்றாலை பிளேடு மனசை விட்டுப் போகவில்லை, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டீக்கு பஸ் நின்ற இடத்தில், ரோட்டோரம் ஒரு நீள டிரெய்லர், அதன் மேல் காற்றாலையின் ஒற்றை இறக்கை. எங்கள் ஊரில் காத்தாடி என்றுதான் சொல்வோம், அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனாலும் அது தரையில் படுத்துக் கிடந்து பார்த்ததில்லை. ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடந்தேன், எண்பது தப்படி! பல்லடம் பக்கம் போகிறது, ஒரு ரவுண்டானா குறுக்கே வந்தால் அரை மணி நேரம் போய்விடும் என்றார் டிரைவர். என் சின்ன வயதில் நட்ட காத்தாடிகள் 250 கிலோவாட். இன்று நடுகிற ஒன்றே 2, 3 மெகாவாட், அதாவது பழசு பத்து செய்கிற வேலையை இது தனியாகச் செய்துவிடும். பஸ் ஹாரன் அடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

ஏற்காடு பஸ்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இருக்கை கிடைக்கவில்லை, ஜன்னல் ஒன்று மூடவே இல்லை, 20 கொண்டை ஊசி வளைவும் நின்றபடியே. ஒரு வளைவில் எதிரே லாரி வந்துவிட, எங்கள் பஸ் பின்னால் நகர்ந்து, மறுபடி முன்னால் வந்து, கண்டக்டர் இறங்கி விசில் கொடுத்து, அப்புறம்தான் ஒருவழியாகத் திரும்பியது. இந்த வளைவில் அந்த எண்பது தப்படி பிளேடு எப்படித் திரும்பும் என்று யோசித்தேன். திரும்பவே திரும்பாது.

மேலே கார்க்காரர் ஒருவரிடம் 1,200 ரூபாய் பேசி ஏறினேன். சேர்வராயன் கோவில் வந்ததும், "கோவில் தனி சார்" என்று 1,800 கேட்டார். என் மூன்று நாள் பட்ஜெட்டே 5,000. அரை மணி நேரம் பேசி 1,500க்கு முடிந்தது, கோபம் இன்னும் ஆறவில்லை. போகிறவர்கள் ஏறும் முன்பே ஒவ்வொரு இடத்தின் பெயரையும் சொல்லி மொத்தத் தொகை பேசிக்கொள்ளுங்கள். ஏரிப் படகு வரிசையில் நிற்காதீர்கள், நேரம்தான் வீண்.

ஆனால் அந்தக் கோவில் மேடு, 5,326 அடி உயரம், அங்கே அடித்த காற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நிற்கவே முடியவில்லை. இவ்வளவு காற்று அடிக்கிற மலையில் ஏன் ஒரு காத்தாடி கூட கண்ணில் படவில்லை என்று பக்கத்தில் ஒரு பையன் அவன் அப்பாவைக் கேட்டான். நானே பதில் சொன்னேன். ஒரு நாள் பலமாக அடித்தால் மட்டும் போதாது. காத்தாடிக்கு மாதக்கணக்கில் விடாமல் ஓடுகிற காற்று வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து எங்கள் உடுமலை, பல்லடம் பக்கம் வேகமாக வெளியே வருகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் எல்லாம் அப்படித்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி எட்டு மடங்கு ஆகும், அதனால்தான் கணவாய் வாசலுக்கு அவ்வளவு மதிப்பு. பிளேடு ஏற வழியில்லாத ரோட்டைப் பற்றியும் சொன்னேன், அதுதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது.

இரவு சேலத்தில், கொண்டலாம்பட்டி சித்தப்பா வீட்டில். போகும் வழியில் தட்டுவடை செட், பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, காரச் சட்னி தடவி. மூன்று செட் சாப்பிட்டேன், இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாக மதிப்பு கிடைத்தது அங்கேதான்.

சித்தப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். 2012இல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போன காலத்தில் தறி நின்று, கடன் ஏறி, ஒரு தறியை விற்றார். "அப்பல்லாம் ஆடி வந்தாத்தான்டா உசுரு வரும், உங்க ஊர்க் காத்தாடி சுத்துனா இங்க தறி ஓடும்" என்றார். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் சில காத்தாடிகளோடு தொடங்கியது, இன்று தமிழ்நாட்டில் மட்டும் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் முதலிடத்தை குஜராத் எடுத்துக்கொண்டது, அது எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் மேட்டூர். 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடியும் நிரம்பி, 16 கண் மதகில் தண்ணீர் வெள்ளையாகப் பாய்கிறது. ரோட்டோரக் கடையில் மசாலா தடவிய மீனை அப்படியே கல்லில் போட்டுக் கொடுத்தார்கள், 150 ரூபாய்க்கு முள் கூட மிச்சம் வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், 1,440 மெகாவாட், ரயிலில் வரும் நிலக்கரி. நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் அல்லாத வழிகளில் வருவது என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். 2030க்கு வைத்த இலக்கு, ஐந்து வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் நிறுவியது வேறு, ஓடுவது வேறு. உண்மையில் வீட்டுக்கு வரும் யூனிட்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான்.

ஆடியில் காற்று அள்ளிக் கொடுக்கும்போது, அதைச் சேர்த்து வைக்கவும் கொண்டுபோகவும் வழியில்லாமல் சில நேரம் காத்தாடியை நிறுத்தச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் நல்ல காற்றில் அசையாமல் நிற்கும் காத்தாடியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். காடம்பாறையில் மிச்சக் கரண்டை வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிறார்கள், 1980களிலேயே செய்த வேலை அது. அந்த மாதிரி இன்னும் பத்து எங்கே? பிளேடு நடுகிற வேகத்துக்கு லைனும் சேமிப்பும் வர வேண்டும், இல்லாவிட்டால் சித்தப்பாவின் தறிக்கு அந்தக் காற்றால் பயன் இல்லை.

மொத்தச் செலவு 5,640, பட்ஜெட்டை 640 தாண்டியதில் 300 அந்தக் கார்க்காரருக்குப் போனது. கிளம்பும்போது சித்தப்பா கேட்டார், காத்தாடியின் அடியில் போய் நின்றால் சத்தம் எப்படி இருக்கும் என்று. அவர் இதுவரை ஒன்றைக் கூடப் பக்கத்தில் பார்த்ததில்லையாம். வரும் ஞாயிறு உடுமலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், புரட்டாசி போனால் காற்று அடங்கிவிடும்.