இருபது பேருக்கு ஐந்து இடம்

ஜனவரி 11, ஞாயிறு

பட்டியல் வந்துவிட்டது. மேலிருந்து கீழே, அப்புறம் கீழிருந்து மேலே என்று படித்துப் பார்த்துவிட்டேன், என் பெயர் இருக்கிறது. முதல் சுற்றில் தேறியவர்கள் இருபது பேர், அதில் ஐந்து பேருக்குத்தான் மாரத்தான் பயிற்சி இடம். கிடைத்தால் பதினாறு வாரத்துக்கு ஒரு கோச், பிசியோ, ஷூ, பந்தய நுழைவுக் கட்டணம் எல்லாம் பயிற்சி நடத்துகிறவர்கள் கணக்கு. ஒரே நிபந்தனை, இதுவரை முழு மாரத்தான் ஓடியிருக்கக் கூடாது. ஆக இருபது பேருமே 42.195 கிலோமீட்டரை வீடியோவில் மட்டும் பார்த்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டு ஓட்டம், நடுவில் ஒரு பன்னிரண்டு நிமிட டெஸ்ட், கடைசியில் "ஏன் நான்?" என்று இரண்டு நிமிட வீடியோ. வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு எதற்கு என்று சொல்லவில்லை, அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். காலையிலிருந்து ஒரே வணக்கமும் வாழ்த்தும். மதியம் ஒருவர் "10 கி.மீ.க்கு உங்களுக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார், அவ்வளவுதான், சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்ட மாதிரி குழுவே அடங்கிப்போனது.

ஜனவரி 18, ஞாயிறு

முதல் கூட்டு ஓட்டம். எட்டு கிலோமீட்டர், மெதுவாக. கோச் போட்ட விதி ஒன்றுதான்: பேசிக்கொண்டே ஓட வேண்டும், முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வாட்ச் பார்த்து ஓடும் எனக்கு இது முதலில் விளையாட்டாகத் தெரிந்தது. ஆனால் எளிதான ஓட்டம் எது என்று கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி கிடையாதாம், இதயத் துடிப்பு காட்டும் பட்டை இல்லாதவர்களுக்கும் இது போதும் என்றார்.

இந்த விதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஏதாவது கேட்டுத்தானே ஆக வேண்டும். இரண்டாவது கிலோமீட்டருக்குள் யார் யார் என்று தெரிந்துவிட்டது. பேருந்து ஓட்டுகிற அண்ணன் ஒருவர், நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் முதுகுவலி வந்து, அதற்காக நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகிவிட்டதாம். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், வயது 58, அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுகிறோம், கோச்சும்கூட. குழந்தை பிறந்த பிறகு ஓட ஆரம்பித்த ஒரு பெண், டிரைவர் அண்ணன் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில் அதுவே பெயராகிவிட்டது. கல்லூரித் தம்பி ஒருவன், பருத்தி பனியனில் வந்திருந்தான், வியர்வையில் நனைந்து மார்பெல்லாம் உரசிச் சிவந்துவிட்டது, ஆனால் எங்களில் வேகம் அவன்தான்.

அப்புறம் நர்ஸ் அக்கா. இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தார். நான் குதிகால் வழுக்குகிறது என்று நின்று நின்று ஷூவை இறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "தம்பி, காலை நீட்டுங்க" என்று கீழே உட்கார்ந்துவிட்டார். ஷூவின் மேல் ஓரத்தில், எல்லாத் துளைக்கும் மேலே சற்றுப் பின்தள்ளி, இரண்டு பக்கமும் ஒரு துளை கூடுதலாக இருக்கும், நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நாடாவை அதே பக்கத்துத் துளையில் விட்டு ஒரு சின்ன வளையம் விட்டார், அந்தப் பக்கமும் அப்படியே, பிறகு இந்த முனையை அந்த வளையத்திலும் அந்த முனையை இந்த வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்தார். குதிகால் அப்படியே உட்கார்ந்துகொண்டது. இத்தனை நாள் ஷூவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரும் அதே ஐந்து இடத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 21, புதன்

தனியாக ஆறு கிலோமீட்டர். சொல்ல ஒன்றுமில்லை. பேச ஆள் இல்லாததால் வேகமாக ஓடிவிட்டேன், அதுவும் தப்புதான் என்பார் கோச்.

ஜனவரி 25, ஞாயிறு

பன்னிரண்டு நிமிட டெஸ்ட். கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் 1968இல் வெளியிட்ட முறை: பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறதோ அதை வைத்து உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று கணக்கிடலாம். ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு தடமும் ஒரு விசிலும் போதும். எளிமையான சித்திரவதை.

400 மீட்டர் தடம், எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டோம். இன்றைக்குப் பேச்சு விதி இல்லை, ஆனாலும் முதல் சுற்று முடிவதற்குள் டிரைவர் அண்ணன் பக்கத்தில் வந்து "சுத்துக்கு ரெண்டு நிமிஷம், என் பின்னாடியே வாப்பா, காத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். எதிர்க்காற்று நன்றாகவே இருந்தது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மூன்று சுற்று ஓடினேன், நாலாவது சுற்றில் நான் முன்னால் போனேன், அப்படி மாறி மாறி. 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் மாரத்தான் தூரத்தை முடித்தபோது, அவருக்குக் காற்று மறைக்கவும் வேகம் பிடித்துக் கொடுக்கவும் 41 பேர் முறை வைத்து ஓடினார்கள். அப்படி ஆள் மாற்றி மாற்றி ஓடியதால் அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை. சேராவிட்டால் என்ன, உலகத்திலேயே சிறந்த ஓட்டக்காரருக்கே முன்னால் முதுகு தேவைப்படுகிறது என்றால் எனக்குத் தேவைப்படுவதில் என்ன வெட்கம்.

தம்பி எங்களை ஒரு சுற்றும், சாரை இரண்டு சுற்றும் தாண்டிப் போனான். தாண்டும்போதெல்லாம் "சார், விடாதீங்க சார்" என்று கத்திக்கொண்டே போனான், அவனுக்கு மட்டும் எங்கிருந்துதான் அத்தனை மூச்சு வருகிறதோ. சார் சரியாக 2000 மீட்டர், எனக்கு 2450. டிரைவர் அண்ணன் என்னைவிட இருபது மீட்டர் அதிகம். கடைசி நூறு மீட்டரில் அவர் ஒரு வார்த்தை பேசாமல் என்னை விட்டுவிட்டு ஓடினார். அதுதான் சரி. அங்கேயும் கைகோத்து வந்திருந்தால் எனக்கே பிடித்திருக்காது.

ஜனவரி 29, வியாழன்

இது கொஞ்சம் சங்கடமான விஷயம். தங்கச்சிக்கு முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் வலி. எங்கள் நான்கைந்து பேருக்கு மட்டும் சொன்னார், கோச்சிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயம். நியாயமான பயம்தான், காயம் பட்டவரை யார் பயிற்சிக்கு எடுப்பார்கள்?

நர்ஸ் அக்கா போனிலேயே விசாரித்தார். எலும்பு நெடுக வலிக்கிறதா, ஒரே இடத்தில் விரல் வைத்தால் குத்துகிறதா? ஓட ஓடக் குறைகிறதா, கூடுகிறதா? ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? நெடுகப் பரவிய வலி என்றால் பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்தால் தணிந்துவிடும், விரல் நுனி அளவு இடத்தில் குத்தினால் எலும்பில் விரிசல் விட்டிருக்க வாய்ப்புண்டு, அதன்மேல் ஓடினால் மாதக்கணக்கில் படுக்க வேண்டியதுதான். தங்கச்சிக்கு நெடுக வலி. ஆனாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார், "ஞாயித்துக்கிழமை நீங்க ஓடினா நானே கோச்கிட்ட சொல்லிடுவேன்" என்றும் சொல்லிவிட்டார்.

நான் எதுவும் பேசவில்லை. ஒருவர் குறைந்தால் பத்தொன்பது பேருக்கு ஐந்து இடம் என்ற கணக்கு தலைக்குள் தானாக ஓடியது. கூப்பிடாமல் வருகிற கணக்கு அது. எல்லோருக்கும் ஓடியிருக்கும், சாருக்கு ஓடியிருக்காது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் உறுதியில்லை, கணக்கு வாத்தியார் ஆயிற்றே.

இரவு தங்கச்சியே கோச்சுக்கு போன் செய்து சொல்லிவிட்டார். இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது, சைக்கிளும் நீச்சலும் மட்டும், பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும் என்றாராம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

18 கிலோமீட்டர். என் வாழ்நாளில் ஓடிய அதிகத் தூரத்துக்குப் பக்கம். தங்கச்சி சைக்கிளில் வந்தார், கூடையில் எங்கள் தண்ணீர் பாட்டில்கள். அதற்குக்கூட மார்க் உண்டா என்று தம்பி கேட்டான், எல்லோரும் சிரித்தோம், ஆனால் எல்லோருமே அதை யோசித்திருந்தோம் என்பது சிரிப்பிலேயே தெரிந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டருக்கு மேல் பேச்சு குறைந்தது, அப்போது சார் கதை சொல்ல ஆரம்பித்தார். லண்டன் மாரத்தான் முதன்முதலில் நடந்தது 1981 மார்ச் 29, மழை நாள். அமெரிக்காவின் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேயின் இங்கே சிமோன்சனும் கடைசிவரை முந்தவே முடியாமல் சேர்ந்தே ஓடி, கைகோத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். இருவருக்கும் 2 மணி 11 நிமிடம் 48 நொடி, இருவருமே வெற்றி. "எப்படி!" என்றார் சார், கண்ணெல்லாம் மின்ன.

டிரைவர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அது ரெண்டு பேர், சார். நம்ம இருபது பேரு கைகோத்துக்கிட்டு போனா அஞ்சு சீட்ல எப்படி உக்கார்றது?" பேருந்து ஓட்டுகிறவர் வேறு எப்படிப் பேசுவார். அதற்குப் பிறகு மூன்று கிலோமீட்டர் இந்த வாதத்திலேயே போய்விட்டது. நான் அண்ணன் கட்சி. பந்தயத்தில் முந்தாமல் இருப்பது மரியாதை ஆகாது, முந்த முடிந்தால் முந்த வேண்டும். ஆனால் பயிற்சியில் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டுப் போவது வேறு விஷயம். பதினாறில் எனக்குக் கால் கனத்து நடக்க ஆரம்பித்தபோது அக்கா ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் தன் இனிப்பு ஜெல்லில் பாதியைக் கொடுத்து, அது வயிற்றில் இறங்கும்வரை கூடவே நடந்தார். 18க்கே இப்படி. தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும் என்கிறார்கள், சுவரில் முட்டுவது என்று சொல்வதெல்லாம் அதைத்தான். அதற்கு மேல் பன்னிரண்டு இருக்கிறது.

வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. குழுவில் படம் போட்டேன். எட்டுப் பேர் தங்கள் நகப் படத்தைப் போட்டார்கள். வீட்டில் யாரும் அந்தக் குழுவைத் திறந்து பார்க்காமல் இருந்தால் சரி.

பிப்ரவரி 5, வியாழன்

வீடியோவுக்குக் கடைசி நாள். "நான் ஏன் தகுதியானவர்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்வதைவிட 18 கிலோமீட்டர் எவ்வளவோ மேல். ஓட்டம் முடிந்ததும் நாங்கள் ஆறு பேர் ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டோம். தம்பி பேசப் பேச நாக்கு உலர்ந்து மூன்றாவது வரியில் நின்றுவிடுவான், சார் அவனிடம் "என்கிட்ட பேசற மாதிரி பேசுடா" என்று கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார், அதன் பிறகு ஒரே மூச்சில் பேசி முடித்தான். சாரின் வீடியோ இரண்டு நிமிடத்தைத் தாண்டி நாலரை நிமிடம் போனது. வெட்டச் சொன்னால் எதையும் வெட்ட மனமில்லை அவருக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. தம்பி, நர்ஸ் அக்கா, டிரைவர் அண்ணன், பின்னால் எப்போதும் அமைதியாக ஓடும் இரண்டு பேர். நான் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் நான். தங்கச்சி இல்லை, சார் இல்லை.

வாழ்த்து எழுதினேன். எழுதியது உண்மைதான், ஆனால் எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்ததும் உண்மை. அக்காவுக்குக் கிடைத்ததில் மனதார மகிழ்ச்சி. அந்த அமைதியான இருவர் மேல்தான் எரிச்சல், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, அவர்களைத் திட்ட என்னிடம் ஒரு சம்பவம்கூட இல்லை.

சார் எதுவும் எழுதவில்லை. செய்தியைப் பார்த்ததாக மட்டும் காட்டுகிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

போகலாமா வேண்டாமா என்று காலையில் கொஞ்ச நேரம் யோசித்தேன், போய்விட்டேன். அங்கே பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். காத்திருப்பில் முதல் ஆளாக இருப்பது எவ்வளவு மோசமான பதவி என்று இன்றைக்குத்தான் புரிந்தது. ஐந்து பேரில் யாருக்காவது அடிபட்டால் இடம் எனக்கு, இது எல்லோருக்கும் தெரியும். யார் முழங்காலைத் தடவினாலும் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். டிரைவர் அண்ணன் வேண்டுமென்றே நொண்டிக்கொண்டே வந்து, "வேண்டிக்கிட்டியாப்பா?" என்று கேட்டார். தம்பி இன்னும் பருத்தி பனியனைத்தான் போட்டிருக்கிறான், இனி ஷூவோடு அதையும் அவர்கள் தருவார்கள்.

சார் கடைசியாக வந்தார். இரண்டு நாள் யாருடனும் பேசப் பிடிக்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார், 58 வயதில் இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள் என்ற கோபம். கையில் கோடு போட்ட நோட்டு ஒன்று. பதினாறு வாரத்துக்கும் கட்டம் போட்டு, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த வாரம் குறைக்க வேண்டும், கடைசி மூன்று வாரம் எப்படி இறங்கி வர வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அதிக தூரம் 32 கிலோமீட்டர், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால். அக்கா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கோச் கொடுத்த அட்டவணையும் கிட்டத்தட்ட இதேதான், செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு என்றார். "அந்த செவ்வாய எழுதிக் குடும்மா" என்று சார் பேனாவை நீட்டினார், அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று அக்கா யோசிக்க, கோச்சிடமே கேட்டுவிடலாம் என்று தங்கச்சி சொல்ல, கேட்டோம். கொடுக்கலாமாம்.

நுழைவுப் பதிவு மாத இறுதி வரை இருக்கிறது. சார் நேற்றே கட்டிவிட்டார். நான் நாளைக்குச் சம்பளம் வந்ததும்.