ஒரு சீ.ஆர். கொப்பியும் நான்கு வருடங்களும்

2021 கார்த்திகை. விதைத்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. அந்த வயதில் பயிர் கடும்பச்சையாக நிற்க வேண்டும். வரம்பில் ஏறி நின்று பார்த்தால், மாட்டுப்பட்டி இருந்த மூலையில் மட்டும் ஒரு கைப்பிடி பச்சை. மற்ற வயலெல்லாம் பழுத்த எலுமிச்சை நிறம். இரசாயன உரத்துக்குப் பதிலாகச் சேதனப் பசளை என்று தந்ததைப் போட்டோம். நைதரசன் திரவம் என்று வந்ததையும் தெளித்தோம். வழமையில் ஏக்கருக்கு 25 மூடை எடுக்கும் என் வயலில், மாரி மழையை நம்பிய அந்தக் காலபோகம் 9 மூடைதான் வந்தது.

நான் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்தின் கீழ், முரசுமோட்டைப் பக்கத்தில், ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த சாதாரண அமைப்பு. வாய்க்கால் துப்புரவு, நீர்ப் பங்கீடு, மானிய விண்ணப்பம் இவைதான் எங்கள் வேலை என்று அதுவரை நினைத்திருந்தோம். கொள்கை என்றால் அது கொழும்பில் பிறந்து வர்த்தமானியில் வருவது. 2021 மே 6ஆம் தேதி இரசாயன உர இறக்குமதியைத் தடுத்த வர்த்தமானியும் அப்படித்தான் வந்தது. எந்தக் கமக்காரனையும் கேட்டு வரவில்லை.

பொலன்னறுவையிலும் அநுராதபுரத்திலும் விவசாயிகள் தெருவுக்கு இறங்கினார்கள். நாங்களும் இறங்கினோம். நவம்பர் இறுதியில் தடை தளர்ந்தது. ஆனால் கப்பலுக்குக் கொடுக்க நாட்டில் டொலர் இல்லை, கடையில் யூரியா இல்லை, பயிரின் வயதும் போய்விட்டது. மறு மாதங்களில் பாதிக்கப்பட்ட நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு என்று அறிவித்தார்கள். நாங்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம்: "பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளோம், ஆவன செய்யவும்." அதை வாங்கிய உத்தியோகத்தர் நல்ல மனுசன். கதிரையில் இருத்திவிட்டுக் கேட்டார்:

"எவ்வளவு குறைஞ்சது?"

"பாதிக்கு மேலை ஐயா."

"போன வருசம் எவ்வளவு, இந்த வருசம் எவ்வளவு? ஆருக்கு, எந்த வயலிலை?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். "தம்பி, வாயாலை சொன்னது கோவையிலை நிக்காது. எழுதிக்கொண்டு வா, நான் மேலை அனுப்புறன்."

அன்று திரும்பும் வழியில் பரந்தனில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். இந்தக் கதை அந்தக் கொப்பியின் கதைதான்.

கோடு போட்டு நிரல்கள் பிரித்தேன்: காணியின் ஏக்கர், இனம், விதைத்த நாள், போட்ட உரம் எத்தனை கிலோ, வெட்டிய மூடை, விற்ற விலை, யாருக்கு விற்றது. கோடு போடுவது லேசு, நிரப்புவதுதான் பாடு. விளைச்சலைச் சொன்னால் மானியம் போய்விடுமோ என்று சிலருக்குப் பயம். கடன் தந்தவன் கேள்விப்பட்டால் வாசலுக்கு வருவானே என்று சிலருக்குப் பயம். நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தவர்களில் முதல் போகம் 31 பேர்தான் தந்தார்கள். அதில் ஒரு அக்கா, கணவனை இழந்தவர், மூன்று ஏக்கர் செய்கிறவர், நகை அடைவு வைத்த துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். எப்போது உழவுக்கு வைத்தது, எப்போது எண்ணெய்க்கு வைத்தது, எது மீளவேயில்லை என்று அந்தத் துண்டுகளில் இருந்தே ஐந்து போகத்துக் கணக்கைச் சொன்னார். உற்பத்திச் செலவு என்பதை நான் படித்தது அந்த மேசையில்தான். "அடைவு வட்டி" என்று இன்னொரு நிரல் சேர்த்தேன். அரச கணக்குகளில் அந்த நிரலை நான் காணவில்லை.

கொப்பி முதலில் உதவியது டீசலுக்கு. 2022 ஜூலை 14இல் ஜனாதிபதி பதவி விலகியபோது குளத்து நீரை நம்பிய எங்கள் சிறுபோகம் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. எரிபொருள் வரிசை கண்ணுக்கெட்டாத தூரம். அறுவடை மெசினுக்கு டீசல் இல்லாவிட்டால் இருந்த கொஞ்சமும் வயலில் கொட்டிப்போகும். அமைச்சருக்குக் கடிதம் எழுதுவோம் என்றார் தலைவர். எந்த அமைச்சருக்கு? இன்று இருப்பவர் நாளை இருப்பாரா என்று யாருக்கும் தெரியாத கிழமை அது. அதனால் கடிதத்தை விட்டுவிட்டுப் பட்டியல் தயாரித்தோம். எந்த வாய்க்காலில் எத்தனை ஏக்கர், எந்த நாளில் வெட்டுக்கு வரும், எந்த மெசின் எந்த ஒழுங்கில் இறங்கும், மொத்தம் எத்தனை லீற்றர். கமநல சேவை நிலையத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி. அவர்களுக்கும் அப்படியொரு பட்டியல் அவசரமாகத் தேவைப்பட்டிருந்தது. மற்ற அமைப்புகளிடமும் அதே மாதிரிப் பட்டியல் கேட்டார்கள். எங்கள் பகுதியில் டீசல் ஏக்கர்க் கணக்கில் பிரிந்தது.

மேலே கதிரைகள் ஆடும்போதும் கீழே மேசைகளில் வேலை நடந்துகொண்டே இருக்கும் என்பதை அந்தக் கிழமையில் கண்டேன். வடக்கில் இது இன்னும் முக்கியம். 2018 ஒக்டோபருக்குப் பிறகு எங்களுக்குத் தெரிவான மாகாண சபை இல்லை, மாகாண விவசாய அமைச்சர் என்று ஒருவர் இல்லை. போய்ப் பேசவேண்டிய கதவு ஒன்று மூடியே கிடக்கிறது. மிச்சம் இருப்பவை போக ஆரம்பக் கூட்டம், மாவட்ட விவசாயக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. போக ஆரம்பக் கூட்டத்தை யாரும் சின்னதாக எண்ணக்கூடாது. குளத்தில் எத்தனை அடி நீர், சிறுபோகம் எத்தனை ஏக்கர், எந்த நாளுக்குள் விதைக்க வேண்டும் என்று அங்கே தீர்மானிப்பதுதான் எங்கள் வருடத்தை முடிவு செய்கிறது.

எங்கள் மூத்தவர்கள் இதை முன்பே செய்து காட்டியவர்கள். இரணைமடுவில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வந்தபோது, குளத்தின் கீழுள்ள அமைப்புகள் ஒன்றாக நின்று மறுத்தன. சிறுபோகத்துக்கே நீர் போதாத குளம் இது என்பதுதான் அவர்களின் வாதம். பிறகு திட்டம் மாறியது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் தாகமும் உண்மையானது, என் சகோதரியின் வீடே அங்கேதான். ஆனாலும் கமக்காரர் ஒரே குரலில் கணக்கோடு பேசியதால் வேறு வழி தேடப்பட்டது என்பதை நான் பெருமையோடுதான் சொல்வேன்.

பாஷையும் ஒரு தடையாக இருந்தது. ஒரு திணைக்களத்துக்குத் தமிழில் நான்கு கடிதம் எழுதியும் பதில் இல்லை. ஐந்தாவதை அங்கத்தவர் ஒருவரின் மகள், பல்கலைக்கழக மாணவி, சிங்களத்தில் மொழிபெயர்த்தார். இரண்டு கிழமையில் பதில் வந்தது. தமிழில் எழுத எங்களுக்கு உரிமை இருக்கிறது, அதை விடப்போவதில்லை. இப்போது இரண்டு மொழியிலும் சேர்த்தே அனுப்புகிறோம். பதில் வராத இடத்துக்குத் தகவல் அறியும் விண்ணப்பம் போடுகிறோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். நெல் கொள்வனவுக்கு எங்கள் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்ற எண்கள் அந்த வழியில்தான் கொப்பிக்குள் வந்தன.

2024 ஜனாதிபதித் தேர்தல்தான் எங்களைக் கிட்டத்தட்ட உடைத்தது. மேடைக்கு வாருங்கள், கமக்காரர் சார்பில் ஆதரவு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒரு கட்சிக்காரர் தலைவரைக் கேட்டார். அவருக்கும் ஆசை. "வெண்டு வந்தா உலர்களம் போட்டுத் தாறன் எண்டவன்," என்றார். பொதுக்கூட்டம் இரவு பத்து மணி வரை போனது. கடைசியில் அந்த அடைவுத்துண்டு அக்காதான் எழும்பினார். "அண்ணை, நீங்கள் தனிய எந்த மேடையிலையும் ஏறுங்கோ. எங்கடை கணக்கை ஏத்தாதேங்கோ. மற்றவன் வெண்டா இந்தக் கொப்பியை ஆர் பாப்பினம்?"

அதோடு முடிந்தது. இரண்டு பக்கத்தில் ஒரே கோரிக்கையை எல்லாக் கட்சிகளுக்கும் கொடுத்தோம்: நெல் விலையை அறுவடைக்கு முன் அறிவியுங்கள், உர மானியத்தை விதைப்புக்கு முன் தாருங்கள், நெல் காயவைக்கப் பிரதேசத்துக்கு ஒரு உலர்களமாவது தாருங்கள். தலைவர் மேடை ஏறவில்லை. அவருக்கு அது லேசான காரியமாக இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் மேல் என் மரியாதை கூடியது.

ஆட்சி மாறியது. அந்தக் காலபோகத்துக்கு உர மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயில் இருந்து 25,000 ஆனது. அது எங்கள் கடிதத்தால் வந்தது என்று சொல்லமாட்டேன், நாடு முழுக்கக் கமக்காரர் கேட்டது அது. ஆனால் நவம்பர் வெள்ளம் வயலை மூடி, ஏக்கருக்கு 40,000 ரூபாய் வரை இழப்பீடு என்று அறிவித்தபோது, சேத மதிப்பீட்டுக்கு வந்தவர்களிடம் விதைத்த நாள், ஏக்கர், இனம் எல்லாம் எழுதிய பக்கங்களை நீட்டினோம். முன்பு மாதக்கணக்கில் இழுபட்ட பட்டியல் நான்கு நாளில் முடிந்தது. இப்போது அங்கத்தவர்களில் அரைவாசிக்கு மேல் கேட்காமலே கணக்குத் தருகிறார்கள்.

விலையில் நாங்கள் தோற்றோம். 2025 பெப்ரவரி 5ஆம் தேதிதான் அரசாங்க விலை வந்தது: கிலோவுக்கு நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய். கிழக்கில் அதற்கு முன்பே வெட்டு தொடங்கி நெல் வியாபாரியின் கைக்குப் போயிருந்தது. எங்களுக்கு விலை இருந்தது, ஈரப்பதன் வழிவிடவில்லை. அரச களஞ்சியத்தில் 14 விழுக்காடு கேட்கிறார்கள். மெசினால் வெட்டிய நெல் அதைவிட எவ்வளவோ ஈரமாக வருகிறது. காயவைக்கப் பரந்தன் - முல்லைத்தீவு வீதியைத் தவிர வேறு இடம் இல்லை. வாகனம் ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம், இரவில் படங்கின் ஓரத்தில் ஆட்கள் படுக்கை. மழை இருட்டினால் வீதியோரத்து வீடுகளில் இருந்து எல்லோரும் ஓடிவந்து கூட்டி அள்ளுவார்கள், யாருடைய நெல் என்று பார்க்கமாட்டார்கள்.

அந்தப் பருவம் ஈரத்தால் திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு லோட்டையும் எழுதினோம்: தேதி, மீற்றர் காட்டிய அளவு, பிறகு வியாபாரி கொடுத்த விலை, மூடைக்கு அவன் கழித்த கிலோ. அந்தப் பக்கங்களின் பிரதி பக்கத்து அமைப்புகளின் கணக்கோடு சேர்ந்து மாவட்ட விவசாயக் குழுவுக்குப் போனது. உலர்களம் பற்றிய எங்கள் கோரிக்கை முதல் தடவையாகக் கூட்டக் குறிப்பில் ஏறியது. குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி, மடிக்காமல் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

களம் இன்னும் வரவில்லை. இப்போது ஓடுவது மூன்றாவது கொப்பி. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவும் வருகிறார். அடைவு வட்டி நிரலை வாசிக்கப்போவது அவர்தான்.