தலை ஒரு கரையில், உடம்பு ஒரு கரையில்

பாரிஸில் தத்துவஞானி ரெனே தெக்கார்த்தைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். உடம்பு சேன் நதியின் தென்கரையில், ஒரு பழைய தேவாலயத்தில் இருக்கிறது. தலை வடகரையில், ஒரு மியூசியத்தில். மனம் வேறு உடம்பு வேறு என்று வாதாடிய மனிதருக்கு இப்படி ஒரு கதி வாய்த்ததைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். நானும் சிரித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

"ஏண்ணே, பாரிஸுக்கு வந்துட்டு ஈஃபிள் டவரப் பாக்காம எலும்பப் பாக்கப் போறேங்கிறீங்க?" என்றான் சித்தப்பா மகன். புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன், லா ஷப்பெல் பக்கம் இருபது வருஷமாகக் குடியிருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும் தெரு. நான் 'டெஸ்கார்ட்டஸ்' என்று சொன்னதைத் தெக்கார்த் என்று திருத்தியதும் அவன்தான். "ழெ பான்ஸ், தோங்க் ழெ சுய். சிந்திக்கிறேன், அதனால இருக்கிறேன். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண வச்சாங்க. அதுக்கு மேல ஒண்ணும் ஞாபகம் இல்ல." அஞ்சலில் தத்துவம் படித்து பி.ஏ. வாங்கிய எனக்கும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஞாபகமில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. டாக்டர் மூட்டை மாற்றச் சொல்கிறார், நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் இரண்டு வருஷமாகக் கையில் தடி. பாரிஸ் மெட்ரோவில் முக்கால்வாசி நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. எங்கே போனாலும் படி. ஆன்மாவைத் தேடிப் புறப்பட்டவனுக்கு முதல் நாள் முழுக்க முழங்காலைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

நாலாம் நம்பர் மெட்ரோவில் சாங்-ஜெர்மாங்-தெ-ப்ரே நிறுத்தத்தில் இறங்கி மேலே ஏறினால் எதிரிலேயே தேவாலயக் கோபுரம். வாசலில் இருக்கும் சதுக்கத்துக்குச் சார்த்ர், பொவுவார் என்ற தத்துவ எழுத்தாளர்கள் இருவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து எழுதிய காப்பிக் கடைகளில் இன்றைக்கும் கூட்டம். உள்ளே தெக்கார்த்தைத் தேடி வந்தவன் நான் ஒருவன்தான். பீடத்தைச் சுற்றிப் போகும் பாதையில், பக்கவாட்டுச் சிற்றாலயம் ஒன்றில், கறுப்புக் கல்லில் லத்தீன் வரிகள். மபியோன், மோன்ஃபோக்கோன் என்ற இரண்டு துறவி அறிஞர்களுக்குத் துணையாக அவர் பெயரும். பூ இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இந்த எலும்புகள் இங்கே வந்து சேர்ந்த கதை பெரிய கதை. ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா தத்துவம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு அழைக்க, 1649 அக்டோபரில் ஸ்டாக்ஹோமுக்குப் போனார். சின்ன வயதிலிருந்து காலையில் வெகுநேரம் படுக்கையில் கிடந்தே யோசித்துப் பழகியவர். ராணி பாடத்துக்கு வைத்த நேரம் விடியற்காலை ஐந்து மணி, அதுவும் அந்த ஊர்க் குளிர்காலத்தில். 1650 பிப்ரவரி 11இல் நிமோனியாவில் போய்விட்டார். வயது 53. அது புராட்டஸ்டண்ட் நாடு, இவர் கத்தோலிக்கர். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் புதைக்கும் இடுகாட்டில்தான் இடம் கிடைத்தது. 1666இல் தோண்டி எடுத்து, இரண்டரை அடி நீளச் செப்புப் பெட்டி ஒன்றில் எலும்புகளை அடுக்கினார்கள். பிரெஞ்சுத் தூதர் தெர்லோன் வலது ஆள்காட்டி விரல் எலும்பைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். எழுதிய விரலாயிற்றே! மிச்சம் 1667இல் பாரிஸ் வந்து வேறொரு தேவாலயத்தில் அடக்கமானது. புரட்சிக் காலத்தில் அங்கிருந்தும் கிளப்பினார்கள். 1793இல், நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாந்தியோனில் வைப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தோடு சரி. 1819இல் இந்தத் தேவாலயத்தில் கொண்டுவந்து வைக்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்தால் மண்டை ஓட்டைக் காணோம்.

இதைப் படித்தபோது எனக்கு சாக்ரடீஸ் ஞாபகம் வந்தார். விஷம் குடிக்கும் நாளில், உங்களை எப்படிப் புதைக்கட்டும் என்று நண்பர் கிரிட்டோ கேட்கிறார். இஷ்டம்போல் செய்யுங்கள், நான் உங்கள் பிடியில் சிக்கினால்தானே என்று சிரிக்கிறார் சாக்ரடீஸ். பிளேட்டோ எழுதிவைத்த காட்சி. அதற்குப் பிறகு இரண்டாயிரம் வருஷம் கழித்து வந்தவர்களும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், காலையில் நான் சிரித்த சிரிப்பு தப்பு என்று பட்டது. 1641இல் வெளியான 'தியானங்கள்' என்ற நூலில் தெக்கார்த் போகும் பாதை இது. எனக்குக் கை கால் இருக்கிறது என்பதைக்கூடச் சந்தேகிக்கலாம், கனவாக இருக்கலாம். ஆனால் சந்தேகிக்கிறேன் என்பதைச் சந்தேகிக்க முடியாது. ஆகவே அடிப்படையில் நான் சிந்திக்கும் ஒரு பொருள். உடம்போ நீள அகலம் உடையது, இடத்தை அடைப்பது, வெட்டினால் துண்டாவது. மனத்தைத் துண்டு போட முடியாது. ஒருவனுடைய காலை வெட்டி எடுத்துவிட்டாலும் அவன் மனத்தில் ஒரு துண்டு குறைவதில்லை என்று அவரே ஆறாம் தியானத்தில் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் தலை ஒரு கரையிலும் உடம்பு ஒரு கரையிலும் கிடப்பது அவரை எந்த விதத்தில் மறுக்கிறது? 'நான் சொன்னதுதானே' என்றிருப்பார்.

என் முழங்கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

தேவாலயத்திலிருந்து பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டி த்ரோக்காதேரோ. அங்கே ஷாய்யோ மாளிகையில் மனித மியூசியம். ஈஃபிள் கோபுரம் நேர் எதிரே நிற்கிறது. தம்பிக்கு போட்டோ அனுப்பிவிட்டு உள்ளே போனேன். மண்டை ஓட்டைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கீழ்த்தாடை இல்லை. பழுப்பேறிய நெற்றியிலும் உச்சியிலும் மையால் எழுத்துகள். 1666இல் எலும்புகளை அனுப்பியபோது காவலுக்கு நின்ற அதிகாரி ப்ளான்ஸ்ட்ரோம் எடுத்து வைத்துக்கொண்டது என்று ஸ்வீடிஷ் மொழியில் ஒரு குறிப்பு. பிறகு கை மாறிய சொந்தக்காரர்கள் தங்கள் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் லத்தீன் கவிதையே எழுதியிருக்கிறார். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல! கடைசியில் 1821இல் ஸ்டாக்ஹோமில் ஏலத்துக்கு வந்ததை வேதியியலாளர் பெர்சிலியஸ் கேள்விப்பட்டு, வாங்கி, பாரிஸில் இருந்த உடற்கூறு அறிஞர் குவியேவுக்கு அனுப்பிவைத்தார். இது அவருடைய தலைதானா என்ற கேள்வி அன்றைக்கும் எழுந்தது, இன்றைக்கும் இருக்கிறது. 2009இல் அன்றைய பிரதமர் ஃபியோன், தெக்கார்த் படித்த லா ஃப்ளேஷ் ஊர்ப் பள்ளிக்கு இதைக் கொண்டுபோக ஆசைப்பட்டார். தலை நகரவில்லை.

ஆங்கிலத் தத்துவஞானி லாக் இந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். ஓர் இளவரசனின் உயிர், தன் நினைவுகளோடு ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்பில் நுழைந்தால் அது யார் என்று கேட்டவர் அவர். கூடு விட்டுக் கூடு பாயும் கதைதான். நினைவு எங்கே தொடர்கிறதோ அங்கேதான் ஆள் என்பது அவர் பதில். இந்த ஓட்டில் நினைவு எதுவும் இல்லை, மையெழுத்துதான் இருக்கிறது.

எனக்கு அதைவிட, ஓட்டுக்குள் ஒரு காலத்தில் மூளை நடுவே இருந்த பினியல் என்ற சின்னச் சுரப்பிதான் மனத்தில் ஓடியது. 1649இல் வந்த கடைசிப் புத்தகத்தில், ஆன்மா உடம்பை இயக்கும் முக்கிய இடம் அதுதான் என்கிறார். மூளையில் மற்றதெல்லாம் இரண்டிரண்டாக இருக்க, இது ஒன்றே ஒன்று. இரண்டு கண்ணிலும் விழுவது ஒரே காட்சியாகச் சேர ஓர் இடம் வேண்டும் அல்லவா என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பு. ஆனால் அந்தக் கணக்கைப் போட வைத்த நெருக்கடி உண்மையானது. அதை நேருக்கு நேர் கேட்டவள் 24 வயதுப் பெண் ஒருத்தி.

பொஹேமியா இளவரசி எலிசபெத். குடும்பம் நாட்டை இழந்து ஹேகில் அடைக்கலமாக இருந்தது. 1643 மே மாதம் தெக்கார்த்துக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே கேட்டுவிட்டாள்: சிந்திப்பது மட்டுமே ஆன்மாவின் இயல்பு, அதற்கு வடிவமோ இடமோ இல்லை என்கிறீர்கள், தொடவே முடியாத ஒன்று உடம்பை எப்படித் தள்ளும்? தெக்கார்த் சுற்றி வளைத்தார். அவள் விடவில்லை. ஜூன் மாத பதிலில் அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆன்மாவும் உடம்பும் ஒன்றியிருப்பதைத் தத்துவம் யோசித்துத் தெரிந்துகொள்ள முடியாது, அன்றாட வாழ்க்கையிலும் சாதாரணப் பேச்சிலும்தான் அது தெரியும். நானே வருஷத்தில் சில மணி நேரம்தான் இந்தச் சுத்த சிந்தனைக்கு ஒதுக்குகிறேன் என்கிறார். வருஷத்தில் சில மணி நேரம்! நாங்கள் பரீட்சைக்குப் படித்த தெக்கார்த் அந்தச் சில மணி நேரத் தெக்கார்த் மட்டும்தான்.

இரண்டு வருஷம் கழித்து எலிசபெத்துக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும். மெல்ல நீடிக்கும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் துக்கம்தான் காரணம் என்று எழுதுகிறார் அதே மனிதர். எங்கள் பாட்டி சொல்வாள், மனசு கிடந்து அடிச்சிக்கிட்டா உடம்புக்கு வரும் என்று. ஆறாம் தியானத்திலேயே இன்னொரு வரியும் உண்டு: கப்பலில் மாலுமி இருப்பதுபோல நான் உடம்பில் இருக்கவில்லை. கப்பல் பழுதானால் மாலுமி போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வான், எனக்கோ வலிக்கிறது.

மறுநாள் காலை லா ஷப்பெலில் இரண்டாம் நம்பர் மெட்ரோ ஏறி நேராகப் பேர் லஷேஸ் கல்லறை. இருபதாம் நூற்றாண்டுத் தத்துவஞானி மோரிஸ் மெர்லோ-போந்தியைத் தேடிப் போனேன். குன்றின் மேல் அமைந்த இடம், கல் பாவிய சரிவான பாதைகள், ராத்திரி மழையில் வழுக்கிற்று. வழியில் இசையமைப்பாளர் ஷோப்பேன் சமாதியில் கூட்டம், பூக்குவியல். அவருடைய இதயம் மட்டும் வார்ஸாவில் ஒரு தேவாலயத் தூணில் இருக்கிறது. இந்த ஐரோப்பியர்களுக்குப் பிரித்து வைப்பதில் என்ன ஆசையோ.

முக்கால் மணி நேரத் தேடலுக்குப் பிறகு மெர்லோ-போந்தி கிடைத்தார். 1945இல் வந்த தன் பெரிய நூலில் அவர், நான் என் உடம்புக்கு எதிரே இல்லை, அதற்குள் இருக்கிறேன், இல்லை, நான்தான் என் உடம்பு என்று எழுதினார். அதில் பார்வையற்றவர் கைத்தடி ஒன்று வருகிறது. பழகிய பிறகு அந்தத் தடி அவருக்குப் பொருளாகவே இருப்பதில்லை. தடியின் நுனிதான் தொடுகிறது, விரல் நுனிபோல. வேடிக்கை என்னவென்றால், 1637இலேயே தெக்கார்த் அதே தடியை எடுத்துக்கொண்டவர். ஒளி எப்படிக் கண்ணுக்கு வருகிறது என்று விளக்க, தடி வழியாகக் கல்லும் மண்ணும் நீரும் கைக்குத் தெரிவதைக் காட்டினார். ஒருவருக்கு அழுத்தத்தைக் கடத்தும் குச்சி, இன்னொருவருக்கு நீண்டுபோன உடம்பு. 1961 மே மாதம் மெர்லோ-போந்தி திடீரென்று இறந்தபோது தெக்கார்த்தைப் பற்றிய வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார் என்பார்கள். அவருக்கும் வயது 53.

இறங்கும்போதுதான் கவனித்தேன். எந்தக் கல் ஆடுகிறது, எங்கே பாசி என்று என் கண்ணுக்கு முன்னால் தடிக்குத் தெரிகிறது. உள்ளங்கையில் இருப்பது கைப்பிடி, எனக்குத் தெரிவதோ தரை. இரண்டு வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறேன். விமான நிலையச் சோதனையில் தடியை வாங்கி ஸ்கேனரில் அனுப்பியபோது, கையிலிருந்து எதையோ கழற்றியதுபோல ஒரு கணம் தடுமாறியதன் காரணமும் அப்போது புரிந்தது.

வாசலுக்கு வந்தபோது தடியின் அடி ரப்பர் கிழிந்து தொங்கியது. சாயங்காலம் தம்பி பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடைக்கு அழைத்துப்போய் புது ரப்பர் மாட்டிக் கொடுத்தான். "இப்ப எப்டிண்ணே இருக்கு?" என்றான். பழையதைவிடத் தடிப்பு. ஊர் திரும்பும் வரை பாரிஸ் தரை எனக்குக் கொஞ்சம் மெத்தென்றே இருந்தது.