கடைக்கு விண்டோஸ், வீட்டுக்கு மின்ட்

எங்கள் வீட்டுக் கணினி 2016-இல் வாங்கியது. இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ3 செயலி. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் கணக்கில் இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டுமாம். நன்றாக ஓடுகிற பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை.

சரி என்று, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் மின்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, பிரின்டர் எல்லாம் தானாகவே பிடித்துக்கொண்டன. அப்புறம்தான் நிறுவினேன். அப்பாவுக்கு யூடியூபும் தமிழ்99 விசைப்பலகையும் இருந்தால் போதும், இரண்டும் இருக்கின்றன. ஒரே ஒரு கலாட்டா: அவருடைய பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. "என்னடா, எல்லாம் போச்சா?" என்றார். பழைய வட்டிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து நிறுவியதும் 'அன்புள்ள தம்பிக்கு' திரும்பி வந்தது.

கடையில் இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. கணக்கு எழுதும் டேலி மென்பொருள் விண்டோஸுக்கென்றே செய்தது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டலாம் என்பார்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி அது மக்கர் செய்தால் யார் பதில் சொல்வது? அங்கே விண்டோஸ் 11 போட்ட புதுக் கணினியே வாங்கிவிட்டேன்.

ஆப்பிளின் மேக்? மச்சான் வைத்திருக்கிறான். அழகாக இருக்கிறது. விலையைக் கேட்டதோடு சரி.