சந்திரயான்-3 கொடுத்த தவறு நோட்டு

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04 மணி. விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்து வாசிப்பறை. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த ஒரு செல்போனைச் சுற்றி எட்டுப் பேர் நின்றிருந்தோம், எல்லாருமே டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள். சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் நிலவின் தரையைத் தொட்டதும், சத்தம் போடாதீங்க என்று தினமும் சொல்லும் நூலகர் அக்காதான் முதலில் கை தட்டினார். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் விழுப்புரத்துக்காரர். ரயில்வே பள்ளியில் படித்து, டிப்ளமோ முடித்து, அங்கிருந்து மேலே போனவர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கு முந்தைய ஐந்து மாதம் நான் புத்தகத்தை ஒழுங்காகத் திறக்கவே இல்லை. 2022 ஜூலையில் எழுதிய குரூப் 4 கைவிட்டுப் போனது. 2023 மார்ச்சில் முடிவு வந்த நாளிலிருந்து, அம்மாவுக்காக வாசிப்பறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

நிலவில் இறங்கிய மறுநாள் காலை நாலு மணிக்கு எழுந்தேன். புது டைம் டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினேன். நாலாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அக்கா, ஒரு செய்தியைப் பார்த்தா வெறி வருது, ரெண்டு நாள்ல போயிடுது, எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்று கேட்கிற தம்பி தங்கைகள் நிறைய. எல்லாருக்கும் அப்படித்தான். அந்த வேகம் இருக்கும்போதே செய்தியை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் படித்துவிடுங்கள். எனக்கு அது தற்செயலாக நடந்தது.

நடப்பு நிகழ்வுகளில் சந்திரயான்-3 கட்டாயம் வரும் என்று குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். ஏவிய நாள் ஜூலை 14, ராக்கெட் எல்விஎம்-3 என்று எழுதிக்கொண்டே போனவள், 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் இறங்கு கலம் ஏன் விழுந்தது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் அதை விளக்கியிருந்தார். இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக உந்தின. அந்தச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திருத்த வேண்டிய நேரத்தில் கலம் வேண்டிய வேகத்தில் திரும்ப முடியவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அந்தச் சதுரத்தைப் பிடிக்கக் கலம் வேகமெடுத்தது.

படித்ததும் என் வயிற்றில் என்னவோ செய்தது. 2022-இல் தேர்வறையில் நான் செய்ததும் இதேதான். முதலில் கணக்குப் பகுதியை எடுத்தேன். ஒரு கூட்டு வட்டிக் கணக்கில் ஏழு நிமிடம் போனது. 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், அதாவது ஒன்றுக்கு 54 விநாடி. போன ஏழு நிமிடத்தைப் பிடிக்க அதற்கப்புறம் ஓட ஆரம்பித்தேன். ஓட்டத்தில் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை.

அன்றே பழைய வினாத்தொகுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதுவரை அதைப் பார்க்கவே பயம். நான் குறித்து வந்த விடைகளை இறுதி விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, தவறான ஒவ்வொன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் காரணத்தோடு எழுதினேன். மொத்தம் 47 தவறு. உண்மையிலேயே தெரியாதது 19. "பொருந்தாதது எது" என்பதைப் "பொருந்துவது" என்று வாசித்தது போன்றவை 12. கடைசி அவசரத்தில் போனது 16. ஆக, 28 கேள்விக்கு எனக்கு விடை தெரியும். ஐந்து மாதமாக "எனக்குப் படிப்பு வராது" என்று நினைத்து அழுதிருக்கிறேன். நோட்டு வேறு சொன்னது.

சந்திரயான்-3-க்கு இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள், கால்களை வலுவாக்கினார்கள், வேகத்தை அளக்கப் புது லேசர் கருவி வைத்தார்கள். எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முதலிலேயே யோசித்து வடிவமைத்தோம் என்றார் சோமநாத். நானும் என் தேர்வுக்கு இடத்தை விரித்தேன். மூன்று மணி நேரத் தேர்வை இரண்டரை மணி நேரத்தில் முடிக்கப் பழகினேன். தமிழ் 100 கேள்வி முதலில், பொது அறிவு அடுத்து, கணக்கு கடைசியில். ஒரு கணக்கில் இரண்டு நிமிடம் தாண்டினால் வட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். "தவறான", "பொருந்தாத" என்ற சொற்களைப் பேனாவால் அடிக்கோடிடாமல் விடையைப் பார்ப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வும் வீட்டில் கிடையாது. வாசிப்பறையில், காலை 9.30 மணிக்கு, உண்மையான ஓஎம்ஆர் தாள் போலவே அச்செடுத்து, கறுப்புப் பேனாவால் எழுதினேன். படிக்கும் நேரத்தை ஒரு மணி கூட நான் கூட்டவில்லை.

செய்தி சிலரை வாட்டவும் செய்யும். விக்ரம் இறங்கிய மறுநாள், பாகுவில் நடந்த செஸ் உலகக் கோப்பை இறுதியில் கார்ல்சனிடம் பிரக்ஞானந்தா டைபிரேக்கரில் தோற்றார். "பதினெட்டு வயசுல அவன் எங்க இருக்கான், இருபத்தாறு வயசுல நான் எங்க இருக்கேன்" என்று பக்கத்தில் இருந்த தோழி கண் கலங்கினாள். வயதை ஒப்பிட்டால் யாருக்கும் அழுகைதான் வரும். அந்தத் தோல்வியோடு சேர்ந்தே உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு அவர் தகுதி பெற்றிருந்தார் என்பதை அவளிடம் காட்டினேன். வயதைப் பார்க்காதீர்கள், அந்த ஆள் அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள். இன்னொன்று, செய்திக்கு நாளுக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் அது படிப்பு ஆகாது.

2024 ஜூன் 9, மறுபடியும் குரூப் 4 தேர்வு. மணி 12.05-க்கு 200-ஆவது கேள்வியை முடித்தேன். வட்டம் போட்டு விட்டுவந்த ஆறு கணக்குகளுக்குத் திரும்பினேன், நாலு வந்தது. மற்ற இரண்டுக்கும் "விடை தெரியவில்லை" என்ற 'E' வட்டத்தை நிரப்பினேன். இப்போது இளநிலை உதவியாளராக வேலை பார்க்கிறேன். அந்த நாற்பது பக்க நோட்டில் பதினொரு பக்கம் மிச்சம் இருந்தது. குரூப் 2 மாதிரித் தேர்வில் போன வாரம் செய்த தவறுகளை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.