சிங்கப்பூர் ஈசூன் புளோக் கீழே நித்தியகல்யாணி

"சர்க்கரைக்கு நல்லது தம்பி, நாலு இலை பறிச்சுக்கோ" என்றார், காலையில் சமூகத் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா.

ஐந்து இதழ், நடுவில் சிவப்புப் பொட்டு.

பச்சையாகத் தின்றால் விஷம் என்றேன். நம்பவில்லை.

1950களில் கனடாவின் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் நோபிளுக்கும் ஜமைக்காவிலிருந்து இந்த இலைதான் வந்தது. அங்கேயும் சர்க்கரைக்குக் குடிப்பார்களாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தின் வெள்ளணுக்கள் இறங்கின!

வேறொருவர் சரி, போகட்டும் என்று மூடி வைத்திருப்பார். இவர் வேதியியலாளர் சார்லஸ் பியரைச் சேர்த்துக்கொண்டு, வெள்ளணுக்களை இறக்கிய அந்தப் பொருளை, வின்பிளாஸ்டினை, இலையிலிருந்து பிரித்தெடுத்தார். இன்றும் அது புற்றுநோய் மருந்து.

அப்புறம் புற்றுநோய் ஆய்வு மைய இயக்குநர் பதவியெல்லாம் வந்தது. எனக்கென்னவோ அந்த எலிக்கணக்குதான் பெரிசு.

'முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். ஊர் சொன்னது பலிக்கவில்லை. ஆனால் ஊர் சொல்லாமல் அந்த இலை அவர் மேசைக்கே வந்திருக்காது.