கூட இருந்தவர்களும் பிள்ளைகளுக்கு நடுவிலான இடைவெளியும்: ஒரு வேலை நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

கூட்டுக் குடும்பம் என்றால் வரிசையாகப் பிள்ளைகள் என்பது எல்லோரும் சொல்லும் பேச்சு. வளர்க்கிற பாரம் பல கைகளுக்குப் பிரிந்துவிடுவதால் பெற்றவர்கள் அதிகம் யோசிக்காமல் அடுத்த பிள்ளைக்குத் தயாராகிவிடுவார்கள் என்று சமூகவியலாளர் கிங்ஸ்லி டேவிஸ் 1950களில் வைத்த வாதமும் இதே சாயல்தான். பழைய பதிவேடுகளை வைத்து மாதக் கணக்குப் போட்டால் விடை இப்படி ஒரே திசையில் போவதில்லை. வீட்டில் இருக்கும் அதே பாட்டி ஒரு வழியில் இடைவெளியைக் குறைக்கிறார், இன்னொரு வழியில் நீட்டுகிறார். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் பாட்டிக்கு எந்தப் பங்குமே இல்லை என்று விடை வரும்.

அதனால் முதல் வேலை, இடைவெளியைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் பொங்கார்ட்ஸ் காட்டிய பிரிப்பு இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். கருத்தடை இல்லாத காலத்தில் ஒரு பிறப்பிலிருந்து அடுத்த பிறப்பு வரை நான்கு துண்டுகள்: பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்பாத காலம், திரும்பியபின் கரு தங்கும்வரை காத்திருப்பு, சராசரி 7.5 மாதம், கருச்சிதைவுகளால் வீணாகும் காலம், சுமார் 2 மாதம், கர்ப்பம் 9 மாதம். பின்னால் உள்ள மூன்றும் சேர்ந்தால் 18.5. தாய்ப்பாலே கொடுக்காதவருக்கு முதல் துண்டு 1.5 மாதம்தான், ஆக மொத்தம் 20. நெடுநாள் பால் கொடுப்பவருக்கு முதல் துண்டு மட்டுமே 18 மாதத்தைத் தாண்டும். மொத்தம் 37 மாதம் வரை போகும்.

கூட இருக்கும் உறவினர் இந்த நான்கில் எதைத் தொடுகிறார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் "மாமியார் இருந்தார், இல்லை" என்று இரண்டு கட்டம் போடுவது வீண்வேலை.

மார்ச் 5, புதன்

பால்.

குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோன் துடிப்புகள் மட்டுப்படுகின்றன. இதில் எவ்வளவு பால் என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி விட்டு என்பதுதான் முக்கியம். இரவில் கொடுக்கும் பாலுக்குத் தனி எடை உண்டு. 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் வரையறுத்தது இது: குழந்தைக்கு 6 மாதத்துக்குள், கிட்டத்தட்ட முழுத் தாய்ப்பால், மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் கர்ப்பத்திலிருந்து 98 சதவீதப் பாதுகாப்பு.

பொங்கார்ட்ஸின் சமன்பாட்டில் பால் கொடுத்த மாதங்களைப் போட்டுப் பார்த்தால் மாதவிலக்கு இல்லாத காலம் இப்படி வருகிறது: 6 மாதம் கொடுத்தால் சுமார் 4, 12 மாதம் என்றால் 7, 18 என்றால் 12, 24 என்றால் 17. பால்குடியை 18-ல் மறக்கடிக்காமல் 12-லேயே மறக்கடித்தால் அடுத்த பிள்ளை 5 மாதம் முன்னால் வரும். இதில் கவனிக்க வேண்டியது, 6-லிருந்து 12-க்குப் போகும்போது கூடுவது 3 மாதம், 18-லிருந்து 24-க்குப் போகும்போது கூடுவது 5. பிந்திய மாதங்களின் பால்தான் இடைவெளியை அதிகம் இழுக்கிறது. குழந்தைக்கு ஒன்றரை வயதில் "போதும், நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது அதனால் சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் இருப்பவர் இதில் கை வைப்பது பல விதம். தாய் வயலுக்குப் போக, பாட்டி வீட்டில் கஞ்சி ஊட்டினால் பகல் பால் குறையும். தாய் களைத்திருக்கிறாள் என்று நல்லெண்ணத்தில் குழந்தையை இரவில் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டால் இரவுப் பாலும் போகும். உதவிதான்; விளைவு, மாதவிலக்கு சீக்கிரம் திரும்புவது. இதற்கு நேர்மாறாக, பாட்டி குழந்தையைத் தொடாமல் சமையலையும் தண்ணீர் சுமப்பதையும் ஏற்றுக்கொண்டால் தாய் வீட்டிலேயே இருந்து நினைத்தபோதெல்லாம் பால் கொடுப்பாள், இடைவெளி நீளும். "பாட்டி உதவினார்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு எதிரெதிர் விளைவுகள். எந்த வேலையை வாங்கிக்கொண்டார் என்று தெரியாமல் ஊகிக்கக் கூடாது.

உறவினர் இல்லாமலேயே இதே விசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரம் சாட்சி. பிறந்த குழந்தையை நாட்டுப்புறச் செவிலித்தாயிடம் அனுப்பிவிட்ட பெண்கள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு பிள்ளை பெற்றார்கள். தாய்ப்பால் கொடுக்கும் வழக்கமே அரிதாக இருந்த பவேரியக் கிராமங்களிலும் இடைவெளி குறுகல், சிசு மரணம் மிக அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

அடுத்தது படுக்கை. இங்கே கணக்கு எளிது. ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு 0.2 என்றால் சராசரிக் காத்திருப்பு 5 மாதம்; 0.1 என்றால் 10 மாதம். ஒரே அறையில் மாமனார், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார் எல்லோரும் படுக்கும் வீட்டில் தம்பதி சேரும் இரவுகள் குறைந்து வாய்ப்பு பாதியானால், யாரும் எதையும் திட்டமிடாமலே 5 மாதம் நீண்டுவிடும். கணவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தால் மாதவிலக்கு திரும்பியபின் அவன் இல்லாத ஒவ்வொரு மாதமும் அப்படியே கூடும். வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருந்தால்தான் அவன் போகவே முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலகி இருத்தல் பற்றி ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பிரசவத்துக்குப் பின் 40 நாள் சேரக் கூடாது என்று பெரியவர்கள் காவல் காத்தார்கள், அதனால் இடைவெளி நீண்டது என்று எழுதுகிறார்கள். நீளாது. அந்த 40 நாளும் மாதவிலக்கு இல்லாத காலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தம்பதி விலகி இருக்கும் காலம், மாதவிலக்கு இல்லாத காலம் இரண்டில் எது நீளமோ அதுதான் கணக்கில் வரும். இரண்டையும் கூட்டக் கூடாது. 12 மாதம் மாதவிலக்கு இல்லாத பெண்ணுக்கு 6 மாத விலகல் சேர்ப்பது பூஜ்யம். மாதவிலக்கு இல்லாத காலம் 17 மாதமாக இருந்து விலகல் 24 மாதம் என்றால் சேர்வது 7.

நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இந்த விலகல் 2 ஆண்டையும் தாண்டியது, எனவே அங்கே அது உண்மையிலேயே இடைவெளியைத் தீர்மானித்தது. ஜான் கால்டுவெல்லும் பாட் கால்டுவெல்லும் 1970களில் இபாடான் பகுதியில் இதை ஆராய்ந்தார்கள். பேரப்பிள்ளை பிறந்தபின் பாட்டி தானும் பிள்ளை பெறுவதை முறையற்றதாகக் கருதி, உறவையே நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தையும் பதிவு செய்தார்கள்.

மார்ச் 12, புதன்

ஆவணங்கள். பிறந்த தேதி ஓரிடத்திலும் வீட்டில் யார் இருந்தார் என்பது வேறோரிடத்திலும் கிடப்பதுதான் இந்த வேலையின் தலைவலி.

ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளைக் குடும்பவாரியாகக் கோக்கும் முறையை லூயி ஆன்ரியும் மிஷேல் ஃப்ளூரியும் 1956-ல் வகுத்தார்கள். குருலே என்ற நார்மண்டிக் கிராமத்தின் ஆய்வு 1958-ல் வந்தது. தேதிகள் துல்லியமாகக் கிடைக்கும், ஆனால் பாட்டி உயிரோடு இருந்தார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. இங்கிலாந்தின் குடிமதிப்பில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டது 1851-லிருந்து. அதுவும் 10 ஆண்டுக்கு ஒரே ஒரு இரவின் நிலவரம். அந்த 10 ஆண்டில் 4 பிள்ளை பிறந்து பாட்டி வந்து போய் இறந்தும் இருப்பார்.

சுவீடன் கொடுத்துவைத்தது. 1686-ஆம் ஆண்டுத் தேவாலயச் சட்டத்தின்படி பாதிரியார்கள் வீடுவாரியாக மக்களின் வாசிப்பையும் வேத அறிவையும் சோதித்து ஏடு வைத்தார்கள்; யார் எந்த வீட்டில், எப்போது குடிபெயர்ந்தார் என்பதெல்லாம் அதில் வரும். அன்று சுவீடனோடு இருந்த பின்லாந்துக்கும் இதே ஏடுகள்.

ஜப்பானின் தொக்குகாவா ஆட்சிக் காலத்து மதச் சோதனைப் பதிவேடுகள் (யாரும் கிறிஸ்தவர் இல்லை என்று உறுதிசெய்ய எழுதியவை) பல கிராமங்களில் ஆண்டுதோறும் எழுதப்பட்டவை, வீட்டில் யார் யார் என்பதற்கு அருமையானவை. ஆனால் இரண்டு பொறிகள். இரண்டு பதிவுகளுக்கு நடுவே பிறந்து இறந்த குழந்தை ஏட்டிலேயே ஏறாது. 20 மாதமும் 20 மாதமுமான இரண்டு இடைவெளிகள் 40 மாத ஒற்றை இடைவெளியாகத் தெரியும். அடுத்து, வயது பிறந்தவுடன் 1, புத்தாண்டில் 2 என்று ஏறும். 2 வயது என்று எழுதியிருந்தால் குழந்தைக்குச் சில வாரமும் இருக்கலாம், இரண்டு வயது நெருங்கியும் இருக்கலாம். இந்த ஏட்டில் மாதக் கணக்கில் பேசுவது வம்பு. ஆண்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மார்ச் 17, திங்கள்

கணக்குக்கான தரவுக் கோப்பு கட்டும் வரிசை. ஒரு வரி என்றால் ஒரு தாய், ஒரு மாதம். பிறப்பு முடிந்த 9-ஆவது மாதத்திலிருந்து தொடங்கினால் போதும், அதற்கு முன் அடுத்த பிறப்புக்கு வழியில்லை. ஒவ்வொரு வரியிலும்: தாயின் வயது, எத்தனையாவது பிள்ளைக்குப் பின், முன் பிறந்த குழந்தை உயிரோடு உண்டா, கணவன் ஊரில் உண்டா, தனித்தனிக் கட்டங்களில் மாமியார், சொந்தத் தாய், மாமனார், நாத்தனார், ஓரகத்தி, 10 வயதுக்கு மேற்பட்ட மகள். கடைசிக் கட்டம், அந்த மாதம் பிறப்பு நடந்ததா.

உறவினர் நிலையை 9 மாதம் பின்தள்ளிப் பொருத்த வேண்டும். பிறப்பு மாதத்தில் யார் இருந்தார் என்பது இங்கே பயன்படாது. கரு தங்கிய மாதத்தில் யார் இருந்தார் என்பதுதான் கேள்வி. இதை விட்டுவிட்டால் காரணமும் விளைவும் தலைகீழாகும்: பிரசவம் பார்க்க வந்து தங்கிய தாய், அந்தப் பிரசவத்துக்கே காரணமானவர் போலத் தெரிவார்.

முதல் இடைவெளியைத் தனியே வைக்கவும். கல்யாணத்திலிருந்து முதல் பிள்ளை வரையிலான காலத்தில் பாலுக்கு இடமில்லை. கடைசிப் பிள்ளைக்குப் பிந்திய திறந்த காலத்தை வீசிவிடவும் கூடாது. வீசினால் பிள்ளைப்பேற்றை நிறுத்திக்கொண்ட பெண்கள் எல்லோரும் கணக்கிலிருந்து மறைவார்கள். தாய்க்கு 50 வயது, கணவன் சாவு, குடிபெயர்வு, இவற்றில் எது முந்தியதோ அங்கே வெட்டவும்.

மார்ச் 18, செவ்வாய்

மேலுள்ளதற்கு ஒரு ஒட்டு. ஞானஸ்நானப் பதிவு இருந்தும் சாவு பதிவாகாமல் விட்டுப்போன குழந்தைகளைப் பிடிக்க ஒரு நல்ல தடயம், பெயர். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு யோஹான்கள் வந்து, மூத்தவனுக்கு அடக்கப் பதிவு இல்லையென்றால், பெரும்பாலும் விட்டுப்போனது அந்தச் சாவுப் பதிவுதான்.

மார்ச் 22, சனி

முன் பிறந்த குழந்தையின் உயிர். இந்த விஷயத்தில் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்கும் இடம் இது.

குழந்தை முதல் மாதத்தில் இறந்தால் பால் நிற்கும், இரண்டு மாதத்துக்குள் மாதவிலக்கு திரும்பும், இடைவெளி 20 மாதத்தை நோக்கிச் சுருங்கும். ஆகவே குழந்தையைக் காப்பாற்றும் எந்த உறவினரும் இடைவெளியை நீட்டுகிறார். குழந்தை சாக மறைமுகக் காரணமாக இருப்பவர் குறைக்கிறார்.

ஜெர்மனியின் வடகடலோரக் கிரும்ஹோர்ன் பகுதியில் 1720 முதல் 1874 வரையிலான குடும்பங்களை எக்கார்ட் ஃபோலாண்டும் யான் பைஸேயும் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டது இதற்கு ஏற்ற பாடம். தாய்வழிப் பாட்டி உயிரோடு இருந்த குடும்பங்களில் 6 முதல் 12 மாதக் குழந்தைகளின் சாவு குறைவு. தந்தைவழிப் பாட்டி உயிரோடு இருந்தால் முதல் மாதச் சாவு ஏறக்குறைய இரட்டிப்பு. கர்ப்பத்தில் மருமகள் மீது விழுந்த வேலைப் பளுவும் நெருக்கடியும் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். இதை மேலே சொன்ன கணக்கோடு பொருத்தினால், மாமியார் உள்ள வீட்டில் இடைவெளி சராசரியாகக் குறைந்து தெரியும். அதைப் பார்த்து "மாமியார் பிள்ளை பெறத் தூண்டினார்" என்று எழுதுவது எவ்வளவு பெரிய அபத்தம்!

தீர்வு: முந்தைய குழந்தை குறைந்தது 2 வயது வரை வாழ்ந்த இடைவெளிகளை மட்டும் வைத்து ஒருமுறை, எல்லாவற்றையும் வைத்து ஒருமுறை கணக்கை ஓட்டவும். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி சாவின் வழியாக வந்த பங்கு. முதலாவதில் மிஞ்சுவதுதான் பாலும் படுக்கையும்.

மார்ச் 28, வெள்ளி

யாருடைய தாய் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. காம்பியாவின் கிராமங்களில் 1950 முதல் திரட்டிய தரவை ரெபெக்கா சியரும் ரூத் மேஸும் அலசியபோது, குழந்தையைக் காத்தவர் தாயின் தாய். பிள்ளைப்பேற்று வேகம் கூடியது கணவனின் பெற்றோர் உயிரோடு இருந்த பெண்களுக்கு. பின்லாந்து, கனடா குடும்பங்களை வைத்து மிர்க்கா லாஹ்டென்பெரே குழு 2004-ல் காட்டியது, 50 வயதுக்குப் பின் வாழ்ந்த ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் ஒரு பெண்ணுக்குச் சுமார் 2 பேரப்பிள்ளை கூடுதல். இது உயிரோடு இருந்ததன் விளைவு. ஒரே வீட்டில் இருந்ததன் விளைவு என்று படித்துவிடக் கூடாது.

அதே குழு 2012-ல் இன்னொன்றைக் காட்டியது. மாமியாரும் மருமகளும் ஒரே காலத்தில் பிள்ளை பெற்ற வீடுகளில் இரு தரப்புக் குழந்தைகளும் பிழைப்பது வெகுவாகக் குறைந்தது. தாயும் மகளும் ஒரே காலத்தில் பெற்றால் அந்த இழப்பு இல்லை. ஆகவே "மாமியார்" கட்டத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கடைக்குட்டிக்கு 5 வயது தாண்டாதவர், தாண்டியவர். முதலாமவர் கைக்குழந்தையோடு இருக்கிறார், உதவ ஆள் தேடுபவர் அவரே.

வசதி என்னும் குறுக்கீட்டுக்கும் வழி தேட வேண்டும். நிலம் உள்ள வீட்டில்தான் மூன்று தலைமுறை சேர்ந்து இருக்க முடியும், அங்கே சாப்பாடும் அதிகம். வீட்டுக்கு வீடு ஒப்பிட்டால் நிலத்தின் விளைவு பாட்டியின் பெயரில் ஏறும். ஒரே தாயின் இடைவெளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே மேல்: மாமியார் இறப்பதற்கு முன், பின்; கொழுந்தன் தனிக்குடித்தனம் போவதற்கு முன், பின். இதிலும் தாயின் வயதைக் கட்டாயம் சரிக்கட்ட வேண்டும், ஏனென்றால் "பின்" என்பது எப்போதும் மூத்த வயது; 35-க்கு மேல் இடைவெளி தானாகவே நீளும். பாகப்பிரிவினை மாமியார் சாவைவிட நல்ல சோதனை, ஓரகத்தியும் நாத்தனாரும் ஒரே நாளில் வீட்டுக் கணக்கிலிருந்து கழிகிறார்கள். ஆனால் பிரிவினைக்கு முந்தைய 12 மாதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளை கூடிப்போனதே பிரிவினைக்குக் காரணமாக இருந்த வீடுகள் ஏராளம்.